கூப்பிடு தூரம்

தர்மராஜ் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, அப்ப நான் வரேன்" என்று நடக்கத் தொடங்கியபோது மலர்கொடிக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேரம் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அவள் அப்பாவுக்கு அரியலூர்க் கடைவீதியில் ஜவுளிக்கடை. தர்மராஜுக்கும் அவன் அண்ணனுக்கும் பெரம்பலூரில் பாத்திரக்கடை. இரண்டு வீட்டிலும் எழுந்து போவதும் பேச்சில் சேர்த்திதான். எழுந்தவன் தெருமுக்குவரைக்கும் மெதுவாகப் போக வேண்டும். முக்கில் நின்று வெற்றிலை போடலாம், செருப்பு வாரைச் சரிசெய்யலாம். அதற்குள் உட்கார்ந்திருப்பவன் கூப்பிட்டுவிட்டால் எழுந்தவன் சொன்ன விலை. கூப்பிடாவிட்டால், எழுந்தவனே "குடைய மறந்துட்டேன்" என்று திரும்பி வர வேண்டும். அப்போது உட்கார்ந்தவன் சொன்ன விலை. குடையே கொண்டுவராதவர்கள்கூட அப்படித் திரும்பி வந்ததுண்டு. இவர்கள் கல்யாணப் பேச்சில் மலர்கொடியின் அப்பா இரண்டு தடவை எழுந்து போனார். இரண்டாம் தடவை பஸ் ஸ்டாண்டுக்கே போய் அரியலூர் வழியாகப் போகும் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஓடிவந்து ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்து இறக்கினார்கள். கல்யாணம் ஆவணியில் நடந்தது.

ஆகவே மலர்கொடி கூப்பிடவில்லை. மடியிலிருந்த அவித்த கடலையை உரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் இது கடைவீதி இல்லை. பச்சைமலை அடிவாரம். தெருமுக்கு என்று இங்கே ஒன்றும் கிடையாது. அதை இருவருமே யோசிக்கவில்லை.

பாத்திரக்கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற வியாபாரிகள் அன்றைக்குத் தூங்குவார்கள். இல்லையென்றால் திருச்சிக்குப் போய்ச் சரக்குப் பார்ப்பார்கள். தர்மராஜ் பஸ் பிடித்து மலைக்குப் போவான். ரஞ்சன்குடிக் கோட்டை, செட்டிகுளத்து மலை, பாடாலூர்ப் பக்கத்துக் கரடுகள் என்று பஸ் போகிற தூரத்தில் நிலம் எங்கெல்லாம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றதோ அங்கெல்லாம் ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் வீடு வந்துவிடுவான். அவன் அம்மா அமிர்தவல்லிக்கு இது விளங்கவே இல்லை.

"சாமி இருக்கற மலைக்குப் போனாலும் புண்ணியம். சும்மா கெடக்கற மலையில ஒனக்கு என்னடா வேல?"

"அங்க ஒருத்தனும் வெல கேக்க மாட்டாம்மா."

கல்யாணத்துக்குப் பிறகு மலர்கொடியும் கூடப் போனாள். அவளுக்கு மலை பெரிதில்லை. ஆறு நாள் மாமியார் வீட்டில் மாமியாரோடும் ஓர்ப்படியாளோடும் பேசிய குரலை வைத்துவிட்டு, ஏழாம் நாள் தன் குரலில் பேச ஓரிடம் கிடைத்ததே, அது பெரிது. இந்தச் செவ்வாய்க்கு லாடபுரம். பஸ்ஸை விட்டிறங்கி, சோளக்கொல்லைகளைத் தாண்டி, ஓடைக்கரையோடு போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறி, ஒரு சப்பைப் பாறையைப் பார்த்து உட்கார்ந்து, தூக்கில் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். கீழே ஓடை கணுக்கால் அளவுக்குத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம்.

கை கழுவியதும் தலைத் தீபாவளிப் பேச்சு வந்தது.

"அரியலூர்ல பத்து நாளு இருக்கணும்" என்றாள் மலர்கொடி. அவளுக்கு வேண்டியது நாலு. பத்தில் தொடங்கினால்தான் நாலில் நிற்கும்.

"பத்து நாளா? காலம்பர பஸ்ஸுல போறோம். எண்ண தேச்சுக் குளிக்கறோம். ஒங்கப்பா குடுக்கற வேட்டியக் கட்டிக்கறோம். சாயங்காலப் பஸ்ஸுல வந்துடறோம்."

"அது தலைத் தீவாளியா, கோர்ட்டு வாய்தாவா?"

"தீவாளிக்கு முன்ன பின்னதான் புள்ள பாத்திர யாவாரமே."

"ஒங்கண்ணன் பாத்துக்க மாட்டாரா?"

"அவரு பாத்தா, கொடம் வாங்க வந்தவன் கரண்டியோட போயிடுவான்."

பத்து எட்டாயிற்று, எட்டு ஆறாயிற்று. அந்தப் பக்கம் ஒரு பகல் ஒரு நாளாகி, ஒரு நாள் இரண்டாகி நின்றுவிட்டது.

"நாலுக்குக் கீழ எறங்காது" என்றாள் அவள்.

"ரெண்டுக்கு மேல கட்டாது" என்றான் அவன். எழுந்து துண்டை உதறினான்.

அவன் பாதையில் இறங்கிப் போவது கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு ஒரு புதர் மறைத்தது. புதருக்குப் பின்னால் நின்றுகொண்டு இருமுவான் என்று மலர்கொடி எதிர்பார்த்தாள். அவள் அப்பா எப்போதும் இருமுவார். இருமல் வரவில்லை. கடலை தீர்ந்துவிட்டது. தோலைப் பொறுக்கி ஓடையில் போட்டாள். அது போன வேகம் அவளுக்கு வித்தியாசமாகப் பட்டது. போட்ட உடனே காணாமல் போயிற்று.

தண்ணீரைப் பார்த்தாள். கூழாங்கல் தெரியவில்லை. காப்பித்தூளைக் கொட்டியது மாதிரி நடுவில் ஒரு கோடு கலங்கலாக வந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அந்தக் கோடு அகன்று இரண்டு கரையையும் தொட்டது. சருகு வந்தது, நுரை வந்தது, பச்சை இலையோடு முறிந்த கிளை ஒன்று உருண்டு உருண்டு வந்தது. இங்கே தலைக்குமேல் வெயில் சுள்ளென்று அடித்தது. அண்ணாந்து மேற்கே பார்த்தாள். மேல்மலையே இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது.

அப்போதும் அவள் கூப்பிடவில்லை. அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. இப்போது வாயைத் திறந்தால் நாலு நாள் இரண்டாகிவிடும் என்ற கணக்கு, பயத்துக்கு முன்னால் வந்து நின்றது.

அவள் உட்கார்ந்திருந்த பாறைக்குக் கீழ்ப்படியில் எவர்சில்வர்த் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தண்ணீர் அதைத் தொட்டது, ஒருமுறை அசைத்துப் பார்த்தது, பிறகு எடுத்துக்கொண்டது. தூக்கு பாறைக்குப் பாறை மோதி 'டங், டங்' என்று கீழே போயிற்று. கடையில் கீழே ஒரு கரண்டி விழுந்தாலே எந்த மூலையிலிருந்தாலும் தலையைத் தூக்குகிறவன் தர்மராஜ். இந்தச் சத்தத்துக்கு அவன் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

அதோடு கணக்குப் போயிற்று. மலர்கொடி எழுந்து நின்று, "என்னங்க!" என்றாள்.

'என்னங்க' என்ற சொல் அடுப்படியிலிருந்து கூடம்வரை போவதற்காக ஏற்பட்டது. மலையில் அது பல்லைத் தாண்டி விழுந்து அங்கேயே கிடந்தது. இன்னொரு தடவை, இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். ஓடை இப்போது ரைஸ்மில் ஓடுவதுபோல இரைந்தது.

பாதையில் ஓடினாள். புதருக்குப் பின்னால் யாருமில்லை. அதற்கப்பால் பாதை, கோடு போட்டதுபோல நேராக, ஒரு மறைவும் இல்லாமல் வெகுதூரம் கிடந்தது. அதிலும் யாருமில்லை. பஸ்ஸுக்கே போய்விட்டானா? ஒரு கணம் அப்படி நினைத்ததில் கோபம் வந்தது. கோபம் இருந்தவரைக்கும் பயமில்லாமல் இருந்தது. உடனே, அவன் அப்படிப் போகிறவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. பச்சைமலையில் கரடி உண்டு என்று ஓர்ப்படியாள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். புதர் ஒவ்வொன்றும் மூச்சு விடுவதுபோல இருந்தது. முதல் முறையாக, வெளியே ஒருத்தர் காதிலும் விழுந்துவிடக்கூடாத அந்தப் பெயரைச் சொல்லி அலறினாள்.

"தர்மராஜு! ஏங்க, தர்மராஜு!"

பதில் இல்லை. ஆனால் கத்தியபடியே ஓடைப் பக்கம் திரும்பியவள் துண்டைப் பார்த்தாள். வெள்ளைத் துண்டு. ஓடைக்கு நடுவில் யானை படுத்திருப்பதுபோல ஒரு பெரிய பாறை. அதன் மேலே அது ஆடிக்கொண்டிருந்தது. துண்டுக்குக் கீழே ஒரு கை.

மறைய ஓர் இடம் தேடியிருக்கிறான். நேர்ப்பாதையில் அது கிடைக்காமல், கணுக்கால் தண்ணீரில் இறங்கி நடந்து, அந்தப் பாறைக்குப் பின்னால் இருந்த மணலில் போய் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிடு தூரம்தான். அவள் கூப்பிடக் காத்திருந்திருக்கிறான். மணலை ஈரம் தொட்டபோதும் அவன் எழுந்து வரவில்லை. வந்தால் நாலு நாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது எழுந்தான். அப்போது நடந்து வர வழியில்லாமல் பாறைமேல் ஏறிவிட்டான்.

இப்போது அவன் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வரவில்லை. கரையிலிருந்து அவனுக்குள்ள தூரம் ஒரு கடையின் அகலம்தான் இருக்கும். அந்தக் கடை முழுக்கக் காவித் தண்ணீர் ஓடியது. தர்மராஜுக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடைவீதிப் பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொள்கிற அளவுக்கு எந்த ஏரியிலும் எந்த வருஷமும் தண்ணீர் நின்றதில்லை.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். ஒரு கையால் பாறையின் வெடிப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாலு நாளுக்கு ஒத்துக்கொள்கிறானாம்.

"யாருக்குங்க வேணும் நாலு! இந்தப் பக்கம் வாங்க!" என்று கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, சம்மதிக்கவில்லை என்று நினைத்தான் போலிருக்கிறது. ஐந்து விரலைக் காட்டினான். தண்ணீர் அவன் காலடிக்கு ஒரு முழம் கீழே இருந்தது. பயத்தில் மனிதனுக்குத் தெரிந்த பாஷைதான் வரும். அவனுக்கு இது ஒன்றுதான் தெரியும். கேட்பதைக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள். யார் விடுவார்கள், அவளா, ஓடையா என்பதில் அவனுக்கு வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு பத்து காட்டுவதற்காக, பாறையைப் பிடித்திருந்த கையையும் எடுத்தான்.

"கைய எடுக்காதீங்க! ஐயோ, கைய எடுக்காதீங்க!"

தள்ளாடினான். துண்டு பறந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்தில் கணநேரம்கூட அது இல்லை. அவன் மல்லாந்து பாறையில் ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இனிமேல் கத்திப் பயனில்லை. யாரையாவது கூப்பிட்டு வரலாமென்றால் கொல்லைகள் வெகு கீழே கிடந்தன. போய் வருவதற்குள் அந்தப் பாறை இருக்காது. மலர்கொடி கரையோரமாக நடந்து பார்த்தாள். கரையில் ஒரு நீர்மருது நின்றது. அதன் வேர் ஒன்று, ஆள் தொடை கனத்துக்கு, ஓடைக்குள் இறங்கியிருந்தது. வேர் முடியும் இடத்தில் ஒரு குட்டிப்பாறை இருந்ததை ஏறி வரும்போது பார்த்திருந்தாள்; அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. இப்போது பாறையும் இல்லை, காக்கையும் இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஒரு மடிப்பு மடிந்து போயிற்று. அந்த மடிப்புக்கு அடியில்தான் பாறை. அங்கிருந்து அவனுக்கு எட்டிக் குதிக்கிற தூரம். ஆனால் தண்ணீருக்குள் பாறை இருக்கிறது என்று வாயால் சொன்னால் அவன் நம்ப மாட்டான். கண்ணால் பார்க்காத சரக்குக்கு அவன் என்றைக்கும் கை நீட்டியவனில்லை.

சேலையைத் தூக்கிச் செருகினாள். வேரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு காலை இறக்கினாள். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. அது காலை நனைக்கவில்லை, பிடித்து இழுத்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள், எப்போது தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வேண்டாம், ஏறிவிடு என்று உடம்பு முழுவதும் சொல்லிற்று. உடம்பு சொன்னது நியாயம்தான். இன்னோர் அடி வைத்தாள். கட்டைவிரல் கல்லைத் தொட்டது. குட்டிப்பாறை. அதன்மேல் ஒரு காலை ஊன்றினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்து அவளைச் சாய்த்தது. வேரை விடாமல் மறு கையை அவன் பக்கம் நீட்டினாள்.

தர்மராஜ் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் குரல் கேட்டது, அந்த இரைச்சலிலும் கேட்டது.

"வராத! மலரு, வராத! போ மேல!"

அவள் போகவில்லை. எந்த நிமிஷமும் கால் வழுக்கிவிடும் போலிருந்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் பாறையோடு பாறையாக இருந்தவன், "ஏறு, ஏறு" என்று கத்திக்கொண்டே எழுந்தான். அவளைக் கரைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தவன்போலக் குதித்தான்.

கால் எட்டவில்லை. மார்பு குட்டிப்பாறையில் மோதிற்று. தண்ணீர் அவனைப் பம்பரமாகச் சுற்றிற்று. அவள் கைக்குச் சட்டைதான் அகப்பட்டது. 'சர்ர்' என்று சத்தம். அது பாப்ளின், சத்தம் கேட்டபிறகு தாங்காது என்று ஜவுளிக்கடைக்காரர் மகளுக்குத் தெரியும். சட்டையை விட்டாள். விட்ட அந்தக் கணத்தில் அவன் தலை தண்ணீருக்குள் போயிற்று. எங்கே என்று தெரியாமல் கையை உள்ளே விட்டாள். ஒரு முழங்கை தட்டுப்பட்டது. நகம் பதியப் பிடித்தாள். வேரை அணைத்திருந்த தோள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்போல வலித்தது. அவன் மறு கை வேரைத் தேடி, முதலில் அவள் சடையைப் பிடித்து, பிறகு வேரைப் பிடித்தது.

எப்படி மேலே வந்தார்கள் என்பது இருவருக்கும் நினைவில்லை. மருதமரத்தடியில் கிடந்தார்கள். அவன் தண்ணீரைக் கக்கினான். சட்டையில் ஒரு கைதான் மிச்சம். வாந்தி நின்றதும் தலையைத் தூக்கி ஓடையைப் பார்த்தான். யானைப்பாறை இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு மடிப்பு மடிந்து போய்க்கொண்டிருந்தது. அவன் பல் அடித்துக்கொள்ளத் தொடங்கியது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதீங்க" என்றாள் மலர்கொடி. "ஒண்ணும் பேசாதீங்க. நடங்க."

செருப்பில்லாமல் இறங்கினார்கள். பாதை நெடுக அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சோளக்கொல்லையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அப்போதும் விடவில்லை. சாயங்காலப் பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"லேடீஸ் இந்தப் பக்கம்மா" என்றார் கண்டக்டர். "சாரு பின்னால போவட்டும்."

மலர்கொடி பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். கையை விடவில்லை. தர்மராஜ் அவளுக்குப் பக்கத்தில், வழியை அடைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான்.

"என்ன மொதலாளி, ஓடையில குளிச்சீங்களா, ஓடைய வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். வழக்கமாக அவன் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். இன்று நனைந்த நோட்டை எடுத்து நீட்டினான்.

ஜன்னலோரம் புல்லுக்கட்டுக் கயிறோடு உட்கார்ந்திருந்த பாப்பாத்தி என்ற கிழவி, பிடித்த கையையும் பிடிபட்ட கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்டியம்மா, புதுசா கண்ணாலம் ஆன ஜோடியா? கைய வுடுடி. ஒம் புருசன ஒண்ணும் தூக்கிட்டுப் போயிடாது."

பஸ்ஸில் சிரித்தார்கள். மலர்கொடியின் விரல்கள் இன்னும் இறுகின. தர்மராஜின் மணிக்கட்டில் ரத்தம் கட்டிப்போயிருந்தது. அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஊரைத் தாண்டி ஒரு மைல் போனதும் ரோட்டுக்குக் குறுக்கே அதே ஓடை. சின்னப் பாலம்தான். டிரைவர் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்தார். "வந்துடுச்சுடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒருவன் விசில் அடித்தான். மேலே ஓடும் தண்ணீரை வழியிலேயே மணல் குடித்துவிடும். மூன்று வருஷமாக அந்தப் பாலத்துக்கு அடியில் ஆடுதான் படுத்துக் கிடந்ததாம். கீழே பார்க்காதவர்கள் இரண்டே பேர்தான். மலர்கொடி முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காலுக்குக் கீழே பஸ்ஸின் பலகைக்கும் கீழே அது போகும் சத்தம் கேட்டது.

"தம்பி, நீங்க மேலேருந்துதான வரீங்க?" என்று கிழவி தர்மராஜின் இடுப்பைத் தட்டினாள். "மேல நல்ல மழையா? தண்ணி இன்னும் வருமா?"

பத்து என்றால் நாலு என்று பொருள் வைத்து வளர்ந்தவன் அவன். இதில் மட்டும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"வரும் ஆத்தா" என்றான். "நெறைய வரும்."

"ஏரி நெம்பிடுமா?"

"நெம்பிடும்."

கிழவி கையைத் தூக்கி மலையைக் கும்பிட்டாள். பஸ் முழுவதும் சந்தோஷமாக இரைந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி பாலத்தின் மேல் ஏறியது. தர்மராஜ் தன் இன்னொரு கையையும் கொண்டுவந்து அவள் கைமேல் வைத்துக்கொண்டான். வண்டி பாலத்தைத் தாண்டும்வரை இருவரும் மூச்சு விடவில்லை.